வியாழக்கிழமை நாலு மணிக்கு, சொந்தப் பெயரில்

அன்பு மகள் அபிநயாவுக்கு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் பத்து லட்சம் பேரிடம் ரூம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியும் உயிரோடிருக்கும் லாட்ஜ் மேனேஜர், உன் சித்தப்பா சக்கரபாணி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, மலை மூவரும் அவரவர் இடத்தில் சௌக்கியம். புனேயில் நீ சௌக்கியமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன் சித்தப்பா"ன்னு சொல்வாய், நான் நம்பியது போல நடிக்க வேண்டும், இருவருக்கும் வீண் வேலை.

உன் அம்மா கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிவிட்டாள். ஒவ்வொரு கடலையும் தேங்காய் அளவு. பார்சல் வருகிறது, பக்கத்து வீட்டார் மிரளாமல் பார்த்துக்கொள். டாக்டர் விஷயத்தை அவளிடம் மூச்சுவிடவில்லை, விட்டால் பார்சலுக்கு முன்னால் அவள் அங்கே வந்து இறங்குவாள். மனநல டாக்டரிடம் இரண்டு தடவை அப்பாயின்ட்மென்ட் வாங்கி இரண்டையும் கேன்சல் செய்தாய், மூன்றாவது இந்த வியாழன் நாலு மணிக்கு. "அங்க என்ன கேப்பாங்கன்னே தெரியல, அதான் பயமா இருக்கு"ன்னு போனில் சொன்னாய். எனக்குத் தெரியும் கண்ணு. நான் போயிருக்கிறேன். இது எனக்கும் என் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், இப்போது உனக்கும்.

உன் அப்பா காரியம் முடிந்து நாலு மாதம் கழித்து, ஊர்க்கண்ணில் படாமல் வேலூருக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டாள். ஆதார் கார்டு காட்டாமல் பிரம்மாவே வந்தாலும் சாவி தராத நான், இருசப்பன் என்றேன். எங்கள் லாட்ஜ் வாட்ச்மேன் பெயர். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் "இருசப்பன் யாருங்க, இருசப்பன்"னு கூவினாள், எந்தச் சோம்பேறி அவன் என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வந்து, "ஐயா, பெஞ்சுல நீங்கதான் மிச்சம், அப்ப நீங்கதான் இருசப்பன், எழுந்திரிங்க" என்றாள்.

உள்ளே மெஷின் இல்லை, சங்கிலி இல்லை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, என்னைவிட இருபது வயது சின்ன டாக்டர். எப்போதிருந்து இப்படி, பசிக்கிறதா, வேறு மாத்திரை உண்டா, குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். தூக்கம் எப்படி என்றதற்கு "நூறு வருஷமா தூங்கலைங்க" என்றேன். "சரிங்க, நேத்து எத்தனை மணி நேரம்?" என்றார் அசராமல். மூன்று என்றேன். அந்த வருஷம் நான் வாய்திறந்து சொன்ன முதல் நிஜம். அப்புறம், குழம்பில் உப்பு சரியா என்கிற குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்றார். உன்னிடமும் கேட்பார்கள், வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான், மழுப்பாதே. நான் முதலில் "சார், என் பேர் சக்கரபாணி" என்றேன். இருசப்பனை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். அதற்கப்புறம்தான் "தோணுதுங்க" என்றேன். பூட்டி வைக்கவில்லை, திட்டவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு மேலே கேட்டார். அழுதேன், ஏரியெல்லாம் நிரம்பவில்லை, ஒரு கர்ச்சீப்தான். ரத்தம் எடுத்து தைராய்டு பார்த்தார், மாத்திரை எழுதினார், "சில வாரம் ஆகும், நீங்களா நிறுத்தாதீங்க, ரெண்டு வாரத்துல வாங்க" என்றார். போனேன்.

நான் ஒன்றை நூறாக்குகிறவன், நீ நூறை ஒன்றாக்குகிறவள். அங்கே இரண்டும் வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி சொல். வாய் வராதென்றால் முன்னாலேயே காகிதத்தில் எழுதிக் கொடு, முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கவும் வேண்டாம். அந்த டாக்டர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். செத்துப்போகலாம் என்கிற அந்த நினைப்பு உனக்கும் வந்தால் வியாழன் வரை காத்திருக்காதே, அந்த நிமிஷமே கூப்பிடு, கவுண்டரில் ஊரே நின்றாலும் எடுப்பேன்.

அண்ணாமலையார் உன் கூடவே இருக்கட்டும், இல்லாவிட்டால் அவருக்கும் ரூம் கிடையாது. வியாழன் சாயங்காலம் போன் கையிலேயே இருக்கும். உள்ளே பேசியதைச் சொல்ல வேண்டாம், போயிட்டு வந்தேன் என்று ஒரு வரி போதும். அங்கே உன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போ கண்ணு. இப்போது நான் ஆறு மணி நேரம் தூங்குகிறேன். இதில் ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

இப்படிக்கு, ஆசிகளுடன்,
சொந்தப் பெயரில் கையெழுத்திடும் சித்தப்பா,
சக்கரபாணி