சிவப்பும் பச்சையும் தெரியாத கலர் டிவி மெக்கானிக்

என்னைக் கட்டிக்கொண்ட மகராசனுக்கு,

உங்களுக்குப் பண்ணிக்கொடுத்த சத்தியத்தை நாளைக்கு உடைக்கப் போகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

நம் மகள் வயிற்றுப் பேரன் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணினான். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. “நம்ம குடும்பத்துல யாருக்கு ஆயா இது இருந்துச்சு?” என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்களே, அந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூர் கலர் டிவியோடு வந்த ரிஷிவந்தியத்துக்காரர், பஸ் நின்றுபோனதால் நம் கள்ளக்குறிச்சி டிவி கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தன் மகளுக்குச் சீர் கொடுக்க வைத்திருந்த டிவி. “டியூபு மட்டும் போச்சு, கடைய கொளுத்திடுவேன்” என்றார். ஊர் அன்றைக்கு இருந்த இருப்பில் அது வெறும் பேச்சில்லை.

உள்ளே ஒரு ரெசிஸ்டர் செத்துப்போயிருந்தது. சர்க்யூட் படம் இருந்தால் அதன் அளவு போட்டிருக்கும். படம் இல்லை, மெட்ராசிலிருந்து வரவழைக்க வழியும் இல்லை. செத்ததை மீட்டர் வைத்தும் அளக்க முடியாது. அளவைக் கண்டுபிடிக்க அதன் மேல் இருக்கும் கலர் கோடுகள்தான் கதி.

கடையில் ஆள் இருந்தால் நான் டீ கொடுக்கிற சாக்கில் வந்து பார்ப்பேன். சிவப்பென்றால் தக்காளி வாங்கட்டுமா என்பேன், பச்சையென்றால் கீரை. அன்றைக்கு நான் வாயைத் திறந்து “ஏங்க, சந்தையில…” என்பதற்குள் அந்த ஆள் பாய்ந்தார்.

“சந்தையே இல்ல, இன்னாத்த வாங்கப் போற? உள்ள போம்மா.”

போனேன். வாசற்படியிலிருந்து பார்த்தால், நீங்கள் சிவப்புக் கோட்டு ரெசிஸ்டரை எடுத்துப் பற்றவைத்துவிட்டு சுவிட்சுக்குக் கையை நீட்டுகிறீர்கள். அளவு மாறினால் டியூபே போய்விடும்.

“போடாதீங்க, செத்ததுல இருந்தது பச்சக் கோடுங்க!”

“இன்னாப்பா, உனக்குக் கலர் தெரியாதா?” என்றார் அவர்.

“இவ எப்பவும் எதனா ஒளறிக்கினே இருப்பாங்க” என்று சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே மாற்றிப் போட்டீர்கள். படம் பளிச்சென்று வந்தது. “உன் பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி” என்று அவர் சொன்னபோது தலையாட்டினீர்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவர் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். வெளியே தெரிந்தால் யாரும் டிவி கொண்டுவர மாட்டார்கள் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். நானும் மூச்சு விடவில்லை. உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள், “கலர் பாக்குறதுல அவரு கண்ணு யாருக்கும் வராது” என்றபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுதேனா, சிரித்தேனா?

உங்கள் மானத்தைக் காப்பாற்றப் பிள்ளையை விட்டுவிட முடியாது. நாளைக் காலையில் அவனை உட்காரவைத்துச் சொல்வேன். உங்க தாத்தாவுக்கும் தெரியாது, ஆனாலும் கள்ளக்குறிச்சிக்கே கலர் காட்டினார் என்று. அந்தக் கண் என்னுடையது என்பதையும் சேர்த்தேதான் சொல்வேன். இது நான் எனக்கே பண்ணிக்கொள்கிற சத்தியம்.

உங்கள் பொண்டாட்டி,
தனலட்சுமி