சிறுநீரகம் மாற்றியவரின் பல்லைப் பார்க்க யாருமில்லை

அனுப்புநர்:
உ. காமேஸ்வரி (வயது 47),
க/பெ. காலஞ்சென்ற உமாசங்கர் குருக்கள்,
திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: மாற்றுச் சிறுநீரகம் பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்குப் பல் சிகிச்சை மறுக்கப்படுவது, கீழ்பென்னாத்தூர் காசி என்பவரை இன்றே பரிசோதிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் கெட்டுப்போன என் கணவருக்கு 2022இல் சென்னையில் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து வைத்தார்கள். அதன்பின் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். முகக்கவசம் இல்லாமல் வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பி, கோபக்காரி என்று பெயர் வாங்கினேன். மாதாந்திரப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை, அழுத்தம், உப்பு என்று பதினான்கு கட்டங்கள் இருந்தன. வாய்க்கு ஒரு கட்டம் இல்லை. நானும் பார்க்கவில்லை.

2. சென்ற ஆண்டு தீபத் திருவிழாவில் கோயிலில் அவருடைய பூசை முறை வந்தது. நோயால் இரண்டு வருடம் விட்டுப்போன முறை. ரத்தம் கசியும் உடம்போடு சன்னிதிக்குள் போவது எங்கள் ஆசாரத்தில் கிடையாது. அவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. துப்பினால் தெரிந்துவிடும் என்று விழுங்கியிருக்கிறார். தலையணை உறையில் கறையைப் பார்த்துக் கேட்டேன். "முறை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். நானும் உறையைத் துவைத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ஐயா, இந்தப் புகாரில் முதல் எதிர்மனுதாரர் நானே.

3. தாடை வீங்கிய பிறகு மூன்று பல் கிளினிக்குகளுக்குப் போனோம். மாற்றுச் சிறுநீரகம் என்றதும் இரண்டு இடத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூன்றாமவர், "சென்னை லெட்டர் இல்லாம கை வெக்க முடியாதும்மா" என்றார். சென்னைக்குப் போன் செய்தால், பல் எங்கள் பிரிவு இல்லை, உங்கள் ஊரிலேயே காட்டுங்கள் என்றார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளால் அவருக்குக் காய்ச்சல்கூடக் காட்டவில்லை. அதை நல்ல அறிகுறி என்று நம்பினோம். சீழ் கழுத்துக்கு இறங்கி, வீக்கம் கண்ட பதினோராம் நாள் இறந்தார். சிறுநீரகம் கடைசிவரை நன்றாக வேலை செய்தது என்று டாக்டர் சொன்னார். அதுவும் அவரோடு எரிந்தது.

4. விடியற்காலையில் பின்கட்டுக் குழாயடியில் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன். தரை காய்ந்து கிடக்கும். இதையெல்லாம் மனுவில் எழுத முடியாது என்று மனு எழுதித் தருபவர் சொன்னார். அதனால் நானே எழுதுகிறேன்.

5. சென்ற திங்களன்று, சிறுநீரகம் கொடுத்தவர்களுக்கான பரிசோதனை முடிந்து சென்னையிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் கீழ்பென்னாத்தூர் விவசாயி காசி. அவருக்கும் சர்க்கரை, சிறுநீரகம் கொடுத்தது மனைவி வள்ளி. அவர் வாய் திறந்து பேசியதும் என் கணவரின் தலையணை வாசனை வந்தது. வீக்கம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். தாடை முந்தின நாள்தான் வீங்கியதாம். "வலியே இல்லீங்கம்மா, வீக்கம் மட்டும்தான்" என்றார். மறுநாளே கிளினிக்குகளுக்கு அழைத்துப் போனேன். அதே பதில்கள். ஓர் அவசரப் பிரிவில், காய்ச்சல் இல்லையே என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இன்று ஒன்பதாம் நாள். கழுத்து வரை வீங்கியிருக்கிறது. அந்த இடங்களின் பெயர்கள் இணைப்பில் உள்ளன.

6. ஆகவே, மாதாந்திரச் சீட்டில் வாய்ப் பரிசோதனையைச் சேர்க்கவும், இங்குள்ள பல் மருத்துவரும் சென்னை மருத்துவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன். இவை மெதுவாக நடக்கட்டும். ஆனால் இந்த மனுவை வழக்கம்போல் உரிய துறைக்கு அனுப்பி, முப்பது நாளில் பதில் தர வேண்டாம். காசியையும் வள்ளியையும் கையோடு அழைத்து வந்திருக்கிறேன். தங்கள் அறைக்கு வெளியே வராந்தாவில் இருக்கிறோம். ஒரு மருத்துவர் வந்து அவர் வாயைத் திறந்து பார்க்கும்வரை நாங்கள் மூவரும் எழுந்து போக மாட்டோம். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்கு வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்) உ. காமேஸ்வரி

இடம்: திருவண்ணாமலை
நாள்: 17.11.2025