நசீறாவின் படிவத்தில் ஒரு பொய்

தோட்டவெளி,
மன்னார்.
11.10.1981

அன்பு மகன் அமிர்தநாயகத்துக்கு அம்மா எழுதுவது.

நான், அப்பா, தங்கச்சி றஞ்சிதம் மூவரும் மாதாவின் காவலில் இருக்கிறோம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று இந்த முறை எழுதமாட்டேன். உன் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது. உப்புக்குளத்துச் சனூன் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். றஞ்சிதத்தைக் கொண்டு எழுதுவிக்காமல் நானே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். கோபத்தில் இன்னும் கோணியிருக்கும்.

இரண்டு கிழமைக்கு முன் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒருத்தி வந்தாள். நசீறா என்று பெயர், முசலிப் பக்கம். பாட்டன் என்ன தொழில், தகப்பன் என்ன தொழில், பிள்ளை என்ன தொழில் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு படிவத்தில் எழுதுகிறாள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கவாம். பாட்டன் கடற்றொழில், தகப்பன் கடற்றொழில் என்று எழுதினாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மகன் குவைத்தில் பெரிய கொம்பனியில் படவரைஞர், கட்டிடங்களுக்குப் படம் கீறுகிறான் என்றேன். அவள் பென்சிலால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டாள். அதைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. என் தொழிலுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். முப்பது வருசமாக மீனை வெட்டி, உப்பிட்டு, வெயிலில் நின்று கருவாடு காயப் போடுகிறவளுக்குத் தொழில் இல்லையாம். அன்றைக்கு அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. உன் அம்பு போதும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சனூன் வந்தான். கள்ளமில்லாத பிள்ளை. முற்றத்தில் நின்றபடி, “மாமி, உங்கட மகன் கிழிஞ்ச வலை பொத்துற வேகத்துக்கு அந்தக் கரையில ஒருத்தரும் கிட்ட நிக்கேலாது” என்று புகழ்ந்தான். எந்தக் கரை என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. கொம்பனி என்று ஒன்றும் இல்லை. உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் காட்டிய வேலைக் கடிதம் பொய். நீ இறங்கிய அன்றே மீன் முதலாளி ஒருவன் உன்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒன்றரை வருசமாக அவனுடைய மீன்பிடி போட்டில் வேலைக்கு நிற்கிறாய். உன் பாஸ்போட் அவனுடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று சனூனுக்கு விளங்கியது. பாவம், தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினான்.

மீன்பிடிக்கிறாய் என்று நான் கோபிக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து மூன்று வருசம் உத்தியோகம் கேட்டுக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாய். உன்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவன் பெரிய இடத்துக் கடிதத்தோடு வந்து உன் கதிரையில் இருந்தான். இங்கே உனக்கு ஒரு மேசை கொடுக்காதவர்களுக்கும், அங்கே மேசை இருக்கிறது என்று ஏய்த்தவனுக்கும் என்ன வித்தியாசம்? கடலுக்குத்தான் போக வேண்டுமென்றால் அப்பாவின் வள்ளம் இங்கே கிடக்கிறதே. சொந்த வள்ளத்தில் போயிருக்கக்கூடிய பிள்ளையை எவனோ ஒருவன் பூட்டி வைத்து ஏவுகிறான். அதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

உன்மேலும் கோபம்தான். குளிரூட்டிய கந்தோர், சாய்த்து வைத்த மேசை, வெள்ளைக்கார எஞ்சினியர் என்று கடிதத்துக்குக் கடிதம் கதை கட்டினாயே. அனுப்பிய படத்தில் நீளக்கைச் சேட்டுப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். நான் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை முடிந்து ஒவ்வொருவராய்ப் பிடித்துக் காட்டினேன்.

அப்பாமேல் அதைவிடக் கோபம். தை மாதம் நீ அனுப்பிய பெட்டி பச்சை நைலோன் நூலால் வரிந்து கட்டியிருந்தது. றஞ்சிதம் கத்தி எடுத்துவர, அப்பா வெட்டவிடாமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, நூலைச் சுற்றித் தன் பெட்டகத்துக்குள் வைத்தார். கஞ்சத்தனம் என்று நான் சிரித்தேன். சனூன் போன பிறகு கேட்டபோதுதான் சொன்னார், “அது உப்பில ஊறின வலை நூல். முடிச்சும் இடக்கை முடிச்சு. இந்தக் கரையில இடக்கையால வலைக்கண் போடுறது நானும் அவனும்தான்” என்று. ஒன்பது மாதமாகத் தெரிந்துகொண்டு, நான் கோயிலடியெல்லாம் பெருமை பேசித் திரிந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். “பிள்ளை உனக்காக மறைச்சவன். நான் ஏன் அதை உடைக்க வேணும்?” என்றார்.

எனக்காகவாம். பன்னிரண்டு வயதில் நீ அப்பாவோடு வள்ளத்தில் ஏறினதற்கு ஒரு நாள் முழுக்கச் சோறு போடாமல் விட்டேன். கடலை மறந்தால்தான் நீ என் பிள்ளை என்றேன். அதை நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு றோசம்மா தன் மகன் தோமஸை அதே ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்திருக்கிறாள். அவனுக்கும் படம் கீறுகிற வேலையாம். நேர்கோடு கீறத் தெரியாத பிள்ளை. நான் காட்டிய உன் படத்தைப் பார்த்துத்தான் அவள் துணிந்தாள். கார்த்திகை பதினைந்தில் பயணம். வெட்கத்தை விட்டுப் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. “உன்ர மகன் மட்டும் நல்லாயிருக்க, என்ர பிள்ளை வலையோட கிடக்க வேணுமோ?” என்று கேட்டாள். சனூனைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொல்லிக் கொடுத்ததை அவன் ஒப்புவிக்கிறானாம். படலையை எங்கள் முகத்துக்கு நேரே சாத்தினாள். ஒன்றரை வருசம் நான் சொன்ன பொய்யை நம்பியவள், ஒரு நாள் சொன்ன உண்மையை நம்பவில்லை.

நசீறாவையும் கோயிலடியில் மறித்து, அந்த அம்பை அழி பிள்ளை என்றேன். மகன் கடற்றொழில், அந்நியன் போட்டில், பாஸ்போட் இல்லாமல் என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுத இதில் இடமில்லை அம்மா என்றாள். ஓரத்தில் எழுது, என் பெயருக்கு நேரே கருவாட்டுத் தொழில் என்றும் எழுது என்று, எழுதி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

இனி உன் முறை. உன் கையெழுத்தை மட்டும்தான் றோசம்மா நம்புவாள். கடிதம் கிடைத்த அன்றே தோமஸுக்கு எழுது. எந்த வேலையைச் சொல்லிக் கூட்டிப்போனார்கள், எந்த வேலையில் விட்டார்கள், பாஸ்போட் எங்கே கிடக்கிறது, எல்லாம் எழுது. கதை கட்டாதே. சிரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லுவேன். உன் முதலாளியின் பெயரையும் விலாசத்தையும் எனக்கு எழுது. கோயில் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு அரசாங்க அதிபரிடம் முறையிடக் கச்சேரிக்குப் போய், பதில் கிடைக்கும்வரை அந்த வாசலிலேயே இருக்கப் போகிறேன்.

அப்பா இப்போதுதான் பக்கத்தில் வந்து, ஒன்றே ஒன்று கேட்டு எழுது என்றார். அங்கத்தைய உப்புத் தண்ணியில் கை வெடித்தால் பூச என்ன வைத்திருக்கிறாய் என்று. சனூனிடம் ஒரு போத்தல் நல்லெண்ணெய் கொடுத்துவிடுகிறோம். அப்பாதான் தன் கையால் அதைப் பொதி செய்தார். கட்டியிருப்பது நீ அனுப்பிய அதே பச்சை நூல். வெட்டாமல் அவிழ், மகன்.

மாதா உன் இரண்டு கைகளையும் காப்பாளாக.

உன் அம்மா,
சி. மதலேனா