நெல் காயும் வீதி

பெப்ரவரி 9, திங்கள்

பனி. முன்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன். இன்று முதல் நான் லொறிச் சாரதி. பத்துச் சில்லு. இதுவரை ஓட்டியதில் பெரியது, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்தான். கனரக லைசென்ஸ் ஆறு வருடமாக அலுமாரிக்குள் கிடந்தது. வெளிநாடு போகவென்று எடுத்தது. கார்த்திகை வெள்ளம் வயலைக் கொண்டுபோன பிறகுதான் அதற்கு வேலை வந்தது.

பரந்தனில் முதல் பஸ். துளசி எழும்பவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் எழுப்ப வேண்டாம் என்று சுதா சொன்னாள். எழுப்பியிருக்கலாம். முறிகண்டியில் பஸ் நின்றது. இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு, பழக்கத்தில் துளசிக்குக் கச்சான் கடலை வாங்கினேன். பிறகுதான் போகும் திசை நினைவு வந்தது. வவுனியா வரை நானே தின்றேன்.

லொறி ரஹீம் நானாவுடையது. முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, இப்போது வவுனியாவில் நெல் வியாபாரம். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. திறப்பைத் தரும்போது சொன்னவை:

– சாப்பிட்ட உடனே ஓடாதே.
– நித்திரை வந்தால் நிறுத்து. ரோசம் பார்க்காதே.
– திரும்பும்போது வாலைப் பார். தலை தப்பினால் வாலும் தப்பும் என்று நினைக்காதே.
– வீதியில் நெல் காயும். விலத்தாதே.

கடைசியை மட்டும் இரண்டு தரம் சொன்னார். "தம்பி, நீங்க வயல்காரன், அதான் சொல்றன். நெல்லைக் கண்டா வெட்டி எடுக்காதீங்க. மெதுவா மேலால விடுங்க. போனா நெல்லுதானே."

தலையாட்டினேன்.

பெப்ரவரி 11, புதன்

கொழும்பு. புழுக்கம். அரிசி இறக்க அரை நாள். தெருவோ எங்கள் ஒழுங்கை அகலம்.

வெட்டித் திரும்பும்போது பின்மூலை வீசி, கடை வாசலில் அடுக்கியிருந்த தோடம்பழப் பெட்டிகளைச் சரித்துவிட்டது. முன்பக்கம் நன்றாகத்தான் விலகியது. இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் வீசும். இது தலைக்குத் தெரியும். கைக்கு இன்னும் தெரியாது. கடைக்காரர் சிங்களத்தில் ஏசினார். ஒரு சொல்லும் தெரியாது, எல்லாம் விளங்கியது. குனிந்து பழம் பொறுக்கிக் கொடுத்தேன். கடைசிப் பழத்தை அவர் வாங்கவில்லை. என் கையிலேயே வைத்து அமத்திவிட்டுப் போனார். அழுகை வந்துவிட்டது. முப்பத்துநாலு வயது ஆம்பிளை, நடுத்தெருவில், ஒரு தோடம்பழத்துக்கு.

வேறு: இடுப்பு வலி. குளிக்க இடமில்லை. கிளச் மிதித்து இடது கால் வீக்கம். சுதாவிடம் எல்லாம் நல்லது என்று சொன்னேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

வவுனியா. நல்ல வெயில். வெறும் லொறியோடு பூவரசங்குளம் போய் நெல் ஏற்றி வந்தேன்.

மன்னார் வீதியில் எங்கு பார்த்தாலும் நெல். வீதியில் பாதிக்கு நெல், பாதிக்கு வாகனம். நெல்லைச் சுற்றிக் கல், கொப்பு, பழைய ரயர். எனக்கு இதெல்லாம் புதிதா? போன மாசியில் பரந்தனில் நானும் இப்படித்தான் கல் அடுக்கிவிட்டுக் குடையோடு காவல் இருந்தேன். ஒரு லொறி ஏறிப் போனது. அதன் சாரதியின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினேன். சில்லு ஏறினால் மணி உடையும். உடைந்த நெல்லை ஆலைக்காரன் கையால் அளைந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பான். அந்த முகம் எனக்குத் தெரியும்.

எதிரே பஸ் வந்தது. நானா சொன்னபடி மேலால் விட்டேன். நறநறவென்று ஒரு சத்தம். இருக்கையில் இருந்தபடியே கால் கூசியது. காலில் நெல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று வளர்ந்தவன். ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொண்டேன். நெல்லுக்காரர் நெல் இழுக்கும் பலகையைத் தூக்கி எறிந்தார். பின்பக்கம் எங்கோ பட்டது. எறியட்டும்.

நானாவின் வளவுக்கு வந்து, ரயர்ப் பள்ளங்களில் இருந்த மணிகளைத் திருப்புளியால் கிண்டி எடுத்தேன். ஒரு கைப்பிடி இருந்தது. காகத்துக்குப் போட்டேன். மற்றச் சாரதிமார் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் இப்படிச் செய்தால் எப்போது வீடு போவாய் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

பெப்ரவரி 17, செவ்வாய்

குருநாகல். மழை. சீமெந்து ஏற்ற வரிசையில் இருபத்திரண்டாவது. காலையும் பாண், மத்தியானமும் பாண்.

சுதா போனைத் துளசியிடம் கொடுத்தாள். பிள்ளை கதைக்கவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாயிடம், "அப்பா லொறிக்குள்ளையே இருக்கிறவர்?" என்று கேட்டாள். எட்டு நாளில் நான் அந்நிய ஆளாகிவிட்டேன். ஞாயிறு எப்படியும் வீட்டுக்குப் போக வேண்டும். முறிகண்டியில் கச்சான். மறக்கக் கூடாது.

பெப்ரவரி 20, வெள்ளி

(இதைச் சனிக்கிழமை, பிணையில் வந்த பிறகு எழுதுகிறேன்.)

வெயில். வெறும் லொறி. பூவரசங்குளத்துக்குக் கிட்ட, காலை பத்தரை இருக்கும். என் பக்கத்துப் பாதி வீதியில் நீளத்துக்கு நெல். நடுவில் ஒரு அக்கா பலகையால் இழுத்துப் பரப்பிக்கொண்டு நின்றார். வேகம் குறைத்தேன். மேலால் விடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். கால் கூசத் தொடங்கிவிட்டது.

அவர் லொறியைக் கண்டதும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வலது கையைத் தூக்கி வீசி, அங்காலை போ, அங்காலை போ என்று என் வலப்பக்கம் காட்டினார். உண்மையை எழுதுகிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. மேலால் ஏற்றத் தேவையில்லை. வலப்பக்கம் எடுத்தேன். எதிரே ஒன்றும் இல்லை. அக்காவைத் தாண்டினேன். நெல்லைத் தாண்டினேன். இடப்பக்கம் திருப்பினேன்.

வலப்பக்க ஒழுங்கையில் இருந்து ஒரு சைக்கிள் வந்து வீதிக் கரையில் நின்றிருக்கிறது. தலை தப்பிவிட்டது. வால்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. தோடம்பழப் பெட்டி சரிந்த சத்தம் இதைவிடப் பெரிது.

இறங்கி ஓடினேன். சைக்கிளில் வந்தவர் மதகுக் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தார். தலையில் அடி. சைக்கிளில் கொழுவியிருந்த பையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரம் உருண்டு போயிருந்தது. அக்கா ஓடி வந்து, "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்றார். அப்போதுதான் விளங்கியது. அவருடைய மனிசன். நெல்லில் நிற்கிறவளுக்குக் காலைச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறார்.

பெயர் தேவராசா. வயது ஐம்பத்திரண்டு. வவுனியா ஆஸ்பத்திரி. இன்னும் நினைவு திரும்பவில்லை.

பொலிஸார் வீதியை அளந்தார்கள். நெல்லில் ஒரு மணியும் நசுங்கவில்லை.

பெப்ரவரி 23, திங்கள்

பரந்தன் வீடு. லொறி பொலிஸ் வளவில். கச்சான் வாங்க மறந்துவிட்டேன். துளசி கேட்கவும் இல்லை.

பொலிஸில் நான் சொன்னது: நெல் கிடந்தது, விலத்தினேன், சைக்கிளைக் காணவில்லை. அக்கா கை காட்டியதைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. அந்த நேரம் வாய் அவ்வளவுக்குத்தான் திறந்தது. இன்று சட்டத்தரணியிடம் எல்லாம் சொன்னபோது அதுவும் வந்துவிட்டது. அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். வீதியை மறித்து நெல் பரப்பியதும் அவர்கள், எதிர்ப்பக்கம் போகச் சொல்லிக் கை காட்டியதும் அவர்கள் என்றால், பிழையில் பாதி அங்கே போய்விடுமாம். லைசென்ஸ் தப்பலாமாம். சொல்லாவிட்டால் நானாகவே எதிர்ப்பக்கம் போனதாகத்தான் முடியும். லைசென்ஸ் போகும், சிறை மறியலும் வரலாம். அதுவும் அந்த மனிதருக்கு ஏதும் நடந்தால் நிச்சயம் வரும்.

ரஹீம் நானாவும் போனில் சொல்லச் சொன்னார். கோபிக்கவில்லை. நான் விலத்தாதே என்றுதானே சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

சுதா சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நடந்ததைத்தானே சொல்லப் போறியள். பொய்யில்லையே. எங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

பொய்யில்லை. அவர் கை காட்டியது உண்மை. வாலை மறந்தது நான் என்பதும் உண்மை. எந்த உண்மையைப் பொலிஸில் கொடுப்பது?

பெப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அக்கா மர வாங்கில் இருந்தார். பக்கத்தில் மகள். மகள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. வலது கையை மடியில் கவிழ்த்து, அதன் மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கை என்ன நினைக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிட்டப் போகத் துணிவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

பெப்ரவரி 26, வியாழன்

காலையில் ரஹீம் நானா போன் எடுத்தார். தேவராசா முடிந்துவிட்டார். விடிய ஐந்து மணிக்கு.

சுதா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். துளசி என் மடியில் ஏறி இருந்தாள். வந்து மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் ஏறினாள். இன்றைக்குத்தானா என்று இருந்தது.

சட்டத்தரணி: திங்கள் ஒன்பது மணிக்கு வவுனியா பொலிஸ். புதிய வாக்குமூலம். பிறகு நீதிமன்றம். கை காட்டியதைச் சொல்வதென்றால் அன்றே சொல்லிவிட வேண்டும், பிந்தினால் நம்ப மாட்டார்கள். உடுப்பு ஒரு சோடி கொண்டு வரச் சொன்னார். ஏன் என்று சுதா கேட்கவில்லை. மடித்து வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 28, சனி

வெயில். இன்று எரித்தார்களாம்.

வீட்டு வேலிக்கு இரண்டு தூண் மாற்றினேன். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய். சைக்கிளுக்குக் காற்று. துளசியின் பள்ளிக்கூடப் பையின் கிழிசல். நான் இல்லாத நேரத்தில் சுதா சிரமப்படக் கூடாது. லைசென்ஸ் போனால் வேறு என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தேன். வயலும் இல்லை. சொல்லிவிடலாம் என்று மத்தியானம் முடிவெடுத்தேன். பின்னேரம் அந்தக் கை நினைவுக்கு வந்தது. நான் பொலிஸில் சொன்னால் அது நீதிமன்றத்தில் சத்தமாக வாசிக்கப்படும். மகள் கேட்பாள். ஊர் கேட்கும். கை காட்டி மனிசனைச் சாகவிட்டவள் என்று ஒரு பெயர் வரும். நெல்லுக்காகவா என்று கேட்பார்கள். கேட்கிறவர்களிலும் பாதிப்பேர் வீதியில் நெல் காயவிட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

பூவரசங்குளம் போனேன். நானாவுக்குத் தெரிந்தால் என்னைக் கட்டி வைத்திருப்பார். அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போனேன்.

படலையில் வெள்ளைக்கொடி. பந்தல் கழற்றவில்லை. ஆட்கள் குறைவு. விறாந்தையில் நெல் மூட்டைகள். அதே நெல். யாரோ அள்ளிக் கட்டியிருக்கிறார்கள். மகள் என்னைக் கண்டு எழும்பினாள். அக்கா அவளை உள்ளே போகச் சொன்னார். பந்தலில் இருந்த இரண்டு பேரையும் ஏதோ சொல்லி அனுப்பினார். கதிரை ஒன்றைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க ஏழெட்டு வசனம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர்தான் கதைத்தார், மிகவும் மெல்ல.

"தம்பி, நான் பிள்ளைக்கும் சொல்லேல்லை. பொலிசுக்கும் சொல்லேல்லை. உங்களிட்டை மட்டும் ஒண்டு கேக்கிறன். நான் கை காட்டினதைப் பாத்தோ நீங்கள் அங்காலை எடுத்தனீங்கள்?"

அவருடைய கை அப்போதும் அப்படியேதான் மடியில் இருந்தது.

"இல்லை அக்கா," என்றேன். "வெயில் கண்ணாடியிலை அடிச்சது. நான் உங்களைக் காணவே இல்லை."

"காணேல்லையோ?"

"இல்லை. நெல்லைக் கண்டன். நானாத்தான் திருப்பினனான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பாமல் விடுவாரோ என்று பயம் வந்தது. பொலிஸில்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. பிறகு மேலே இருந்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எழும்பி வந்து என் சேட்டைக் கொத்தாகப் பிடித்தார்.

"அப்ப நீயாத்தான் செய்தனியோ? என்ரை மனிசனை நீயாத்தான் சாக்கொண்டனியோ? நெல்லுக்கு மேலாலை விட்டிருக்கலாமேடா, பாவி. அது நெல்லுத்தானேடா."

நீங்கள் போய் நீ வந்துவிட்டது. செத்த வீட்டில் இத்தனை நாளும் அவர் வாய்விட்டு அழவே இல்லையாம், மகள் ஓடி வந்து தாயைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அடித்தார், நான் நின்றேன். படலை தாண்டி வீதிக்கு வரும்வரை அந்த அழுகை கேட்டது.

முறிகண்டியில் பஸ் நின்றது. கச்சான் வாங்கினேன், இரண்டு பை.

நாளை ஒன்பது மணிக்குப் பொலிஸ். அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்று சுதாவுக்கு இன்னும் சொல்லவில்லை.