நினைவு மலருக்கு மூன்று யப்பானியக் குழுக்கள்

மில்லிக்கன்
14.09.1997

அன்புள்ள தவமணிக்கு,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவது:

1. மிதுனனின் ஆண்டு நினைவு மலர்.
2. அதில் நான் சேர்க்க விரும்பும் மூன்று யப்பானிய றொக் குழுக்கள்.
3. அவற்றைப் புதிதாகக் கேட்பவர்கள் எப்படிக் கேட்கவேண்டும் என்பது.
4. நீர் வீடு திரும்புவது.

முதலாவது. நவம்பரில் திதி வருகிறது. மலரை அச்சடிக்கச் செல்வரட்ணத்திடம் கொடுத்திருக்கிறேன். ஸ்ரீல்ஸ் பிளாசாவில் கடை வைத்திருப்பவர், உமக்குத் தெரியும். தேவாரமும் படமும் வழக்கம்போல் இருக்கும். அதற்குப் பின் எல்லோரும் ஏதாவது பயனுள்ள விடயம் சேர்க்கிறார்களே, நீரிழிவுக்கான உணவு, குரக்கன் பிட்டு என்று. அந்தப் பக்கங்களில் நம்முடைய பிள்ளை எதை விரும்பினானோ அதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். சரியோ பிழையோ தெரியவில்லை.

இரண்டாவது. அவனுடைய பெட்டியிலிருந்த கசற்றுகளை வரிசையாகக் கேட்டேன். புதியவர்களுக்கு மூன்று குழுக்கள் போதும். 'நாமி': மூன்று பெண்கள். பாட்டுகள் சிறியவை, கலகலப்பானவை. பஸ் தரிப்பிடம், நீச்சல் தடாகம் போன்றவற்றைப் பற்றிப் பாடுகிறார்கள் என்று மிதுனன் சொன்ன ஞாபகம். தொடங்குவதற்கு நல்லது. 'ஹாயிரோ': பாடுகிறவர் கிட்டத்தட்டப் பேசுகிறார். பின்னால் கிற்றார் வாத்தியங்கள், பல குளிர்சாதனப் பெட்டிகள் ஒன்றாக ஓடுவதுபோல. பழகினால் மனம் அமைதியாகிறது. மூன்றாவது 'டென்ஷா'. மிகச் சத்தம். கசற்றின் ஒரு பக்கத்தையேனும் முழுதாகக் கேட்க என்னால் முடியவில்லை. அதை இறுதிக்கு வைக்கச் சொல்லலாம்.

மூன்றாவது. மொழி தெரியாதவர்கள் இந்த இசையைத் தனியே கேட்கவேண்டும். காதில் ஹெட்போன் மாட்டி, கதவைச் சாத்தி, பக்கத்தில் எவருமில்லாமல். அப்போதுதான் ஒவ்வொரு வாத்தியமும் பிரிந்து கேட்கும். நான் அப்படித்தான் கேட்கிறேன்.

நாலாவதை எழுதத் தாளில் இடமில்லை.

இப்படிக்கு,
அருள்நாயகம்

பிக்கரிங்
22.09.1997

நிலக்சியின்ரை அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. டெலிபோன் எடுத்தால் 'ம்' எண்டதுக்கு மேலை ஒண்டும் வராது, கடிதத்திலை எண்டால் நம்பர் போட்டுக் கதைக்கிறியள். அதுக்காகவாவது தபால்காரன் நல்லாயிருக்கட்டும். இஞ்சை மகளும் மருமகனும் சுகம். குழந்தை சோபாவைப் பிடிச்சு நடக்கிறான்.

நாலாவதை எழுதாட்டிலும் எனக்கு விளங்கும். குழந்தைக்குப் பல்லு முளைக்கட்டும், வாறன் எண்டு சொன்னன். பல்லு முளைச்சு அவன் இப்ப என்ரை விரலைக் கடிக்கிறான். அதைப் பற்றிப் பிறகு எழுதுறன்.

மலரிலை நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ. சனம் சிரிக்கட்டும். பிட்டு அவிக்கத் தெரியாதவை ஆர் இருக்கினம்?

ஒரு விசயம் சொல்லவேணும். வரேக்கை என்ரை தேவாரக் கசற்றை எடுத்துக்கொண்டு வந்தனான், நீல எழுத்திலை நான் பேர் எழுதினது. இஞ்சை வந்த புதிசிலை ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேத்திப்போட்டு அதைப் போட்டன். பாத்தால் தகரக் கொட்டிலுக்கு மேலை கல்லெறிஞ்ச மாதிரி ஒரு சத்தம். மருமகன் மகேஸ்வரன் மேலையிருந்து இறங்கி வந்து, "மாமி, இண்டைக்குச் சாமிக்கு என்ன கோபம்?" எண்டு கேட்டார். மிதுனன்தான். வெறுங் கசற் கிடைக்காமல் என்ரை தேவாரத்துக்கு மேலை தன்ரை யப்பான்காரரைப் பதிஞ்சு வச்சிருக்கிறான். ஆரும் மேலை பதியக்கூடாதெண்டு நான் உடைச்சு விட்ட ஓட்டையை ரேப்பாலை ஒட்டியும் இருக்கு, கள்ளன்.

எறியேல்லை. காலமை சமைக்கேக்கை அதைத்தான் போடுறன். சத்தமாய்த்தான் போடுறது, இல்லாட்டி அடுப்புக்கு மேலை இருக்கிற காத்தாடிச் சத்தத்திலை கேக்காது. ஒருத்தன் தூரத்திலை போற ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கத்துறான். அவையின்ரை பேர் என்ன?

தவமணி

மில்லிக்கன்
29.09.1997

அன்புள்ள தவமணிக்கு,

உமது கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீர் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது டென்ஷாவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. கசற்றைத் தபாலில் அனுப்பினால் ஹெட்போனில் கேட்டுச் சொல்வேன்.

செல்வரட்ணத்திடம் கட்டுரையைக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, நான் எத்தினையோ மலர் அடிச்சிட்டன். இது ஆருக்கு?" என்றார்.

"புதிதாய்க் கேக்கிறவைக்கு."

"எங்கடை சனத்திலை ஆர் அண்ணை உதைக் கேக்கப்போகினம்?"

கட்டுரையை மறுபடியும் அவரிடம் நீட்டினேன். "சரி, வையுங்கோ. படம் தெளிவாய்த் தந்தால் காணும்" என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டில் குறையொன்றும் இல்லை. சோறும் பருப்பும் சமைக்கிறேன். பின்னேரங்களில் அவனுடைய அறையிலிருந்து கேட்கிறேன். அழுகை வருவதில்லை. வரவேண்டுமென்று காத்திருந்தும் பார்த்தேன். நேரம் போகிறது, அவ்வளவுதான்.

நாலாவதைப் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொன்னீர்.

இப்படிக்கு,
அருள்நாயகம்

பிக்கரிங்
06.10.1997

மிதுனன்ரை அப்பாவுக்கு,

கசற்றைத் தபாலிலை போடமாட்டன். துலைஞ்சால் ஆர் பொறுப்பு?

நாலாவதைக் கேட்டியள். எழுதுறன், கோவிக்கக்கூடாது. எல்லாரும் நான் குழந்தை பாக்கத்தான் வந்தனான் எண்டு நினைக்கினம். நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிருப்பியள். அண்டைக்கு நீங்கள் அவன்ரை அறையிலை காதிலை அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தியள். நான் கதவைத் திறந்து, "இஞ்சாருங்கோ, சாப்பாடு ஆறுது" எண்டன். திரும்பிப் பாக்கேல்லை. கிட்ட வந்து நிண்டன். உங்கடை கண் மூடியிருந்தது. நான் பெத்த பிள்ளையின்ரை பாட்டு உங்கடை காதுக்குள்ளை ஓடுது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டிலை மூண்டு பேர் இருந்தம், அதிலை ரெண்டு பேர் ஒரு அறைக்குள்ளை, நான் வெளியிலை எண்ட மாதிரி இருந்தது. சோத்தை மூடி வச்சிட்டு அடுத்த நாள் நிலக்சியோடை வெளிக்கிட்டன்.

நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. அது தெரியும். தெரிஞ்சும் வரக் கால் எழும்பேல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. ரெயின் ஓடும், ஸ்ரேசனுக்கு மகேஸ்வரன் வருவார். வந்து அவையின்ரை பேரைச் சொல்லுங்கோ. காதிலை மாட்டுறதைக் கொண்டுவராதேங்கோ.

தவமணி

மில்லிக்கன்
14.10.1997

அன்புள்ள தவமணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீர் கட்டித் தந்த இடியப்பத்தைத் திங்களும் சாப்பிட்டேன்.

உமது கடிதத்துக்குப் பதிலை ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லியிருக்க வேண்டும். ரெயினில் வரும்போது வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அங்கு வந்ததும் ஒன்றும் வரவில்லை. நீர் என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. மூடி வைத்த சோற்றைக் கண்டபோது உமக்குப் பசியில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்தக் குழு டென்ஷாதான். இப்போது உறுதியாகச் சொல்வேன். முழுப் பக்கத்தையும் நான் முதன்முறை கேட்டது உமது சமையலறையில். நீர் வெங்காயம் வெட்டினீர், நிலக்சி தேநீர் ஊற்றினாள், குழந்தை அகப்பையால் சட்டியில் அடித்தான். மகேஸ்வரன், "மாமா, இது எந்தப் பதிகம்?" என்று கேட்டதற்கு நீர் சிரித்தீர். நான் உமது சிரிப்பைக் கேட்டு நெடுநாளாகிறது. வாத்தியங்கள் ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.

பாட்டு முடிந்ததும் ஒரு கிளிக் சத்தம். பிறகு அவன் அழிக்காமல் விட்ட உமது தேவாரம், நடு அடியிலிருந்து. நான் நிறுத்தக் கை நீட்டினேன். "விடுங்கோ, அது எப்பவும் அப்பிடித்தான் வரும்" என்றீர். அப்படியே நால்வரும் முடியும்வரை இருந்தோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் தேநீர் சூடாக இருப்பது தெரிந்தது. அதை எழுதத் தோன்றியது.

நேற்று அறையில் அதே குழுவின் கசற்றை ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் சத்தம். பாதியில் கழற்றிவிட்டேன். இன்று காலை றெக்கோடரை அறையிலிருந்து தூக்கிவந்து சமையலறை மேசையில் வைத்தேன். ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. மற்றது பாடுகிறது. அறைக் கதவு திறந்திருக்கிறது. நாலாவதைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன். நீர் கசற்றைக் கொண்டுவரும் நாளில் மேசை ஆயத்தமாக இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. செல்வரட்ணத்திடம் போனேன். மலர் அச்சாகிக் கட்டி வைத்திருக்கிறார். "இனி ஒண்டும் மாத்தேலாது அண்ணை. வேணுமெண்டால் பிழைதிருத்தம் ஒண்டு அடிச்சுத் தாறன், உள்ளுக்கு ஒட்டுங்கோ" என்றார். எல்லாப் பிரதியிலும் ஒட்டவேண்டும். தனியே ஒட்டினால் திதிக்கு முன் முடியாது. பசை வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் துண்டில் வரப்போவது இவ்வளவுதான். நீர் பார்த்துச் சரியென்றால் அடிக்கக் கொடுப்பேன்:

'மூன்றாவது குறிப்பில், இந்த இசையைத் தனியே கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தேன். அது பிழை.'

இப்படிக்கு,
மிதுனனின் அப்பா