கால் குட்டையாகத் தெரிந்த பறவை

அன்புள்ள தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் எனக்கு அநியாயம் செய்துவிட்டார். பறவை மன்றத்துப் பலகையில் நான் எழுதியிருந்த ‘கருவால் மூக்கன்’ என்ற பெயரை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் ‘பட்டைவால் மூக்கன்’ என்று தன் கையால் எழுதினார். நான் அந்த அறையில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? ஆஸ்பத்திரி வார்டில் நின்று நின்று வந்த கால் வீக்கம் குறைந்ததா? இங்கே உன் மகள் நலம். பாவாடையெல்லாம் குட்டையாகிவிட்டது. என் பைனாகுலர் அவளிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

போனில் நான் பறவை என்று ஆரம்பித்தாலே, “அண்ணா, முதல்ல அவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேளுங்க, அப்புறம் பேசுங்க” என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். உன்னோடு வேலை பார்க்கும் பெண் விடுமுறை முடிந்து திரும்புகிறாள். சனிக்கிழமைக்குள் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். ஞாயிறு காலை மன்றத்தின் பறவை பார்க்கும் நடை. ஆகவே இதைப் பாதியில் மடித்து வைக்காதே.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு மூக்கன் பறவையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒரே உயரம், ஒரே நீள அலகு. பட்டைவாலுக்கு அலகு லேசாக மேல் நோக்கி வளைந்திருக்கும், முதுகில் கோடு கோடாக இருக்கும், முட்டிக்கு மேலே கால் குட்டை. கருவாலுக்கு அலகு நேர், முதுகு வெறும் சாம்பல், கால் நெட்டை. பறக்கும்போது கருவாலின் இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். மற்றதற்குக் கிடையாது. இது வெறும் பேர்ச் சண்டை என்று உன் வீட்டுக்காரர் சொல்லித் திரிகிறார். இல்லை. பட்டைவால் கெட்டி மணலில் நடக்கிற பறவை. கருவாலுக்கு அலகை அடிவரைக்கும் இறக்குகிற மாதிரி குழைந்த சேறு வேண்டும். எது எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அடியில் இருப்பது தரையா சேறா என்று தெரிந்துவிடும்.

கரைச்சுவருக்கு வெளியே இருக்கும் மணல்திட்டைத்தான் சொல்கிறேன். நீ சைக்கிள் கற்றுக்கொண்டது அதன் மேல்தான். நம் காலத்தில் லாரி போனாலும் தாங்கும். போன வருடம் துறைமுக வாய்க்காலைத் தூர்வாரிய கப்பல் வாரியதையெல்லாம் திட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டியது. கடல் ஏறும் ஏற்றத்தில் அத்தனையும் திட்டின் மேல் வந்து படிந்துவிட்டது. நீர் வடியும் வற்றத்தில் வெயில் பட்டு மேலே மட்டும் காய்கிறது. சுவரில் நின்று பார்த்தால் பழைய திட்டு மாதிரியேதான் இருக்கிறது.

சண்டைக்குக் காரணமான பறவைப் படத்தை எடுத்தது உன் மகள். அப்பாவின் கேமரா. அவர் அதைத் தன் மூக்குக்கண்ணாடிக் கடைத் திரையில் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். பறவைக்குப் பின்னால் சூரியன் இருந்ததால் முதுகு தெரியவில்லை. அலகு சேற்றுக்குள் இருந்தது. “காலைப் பாருங்க மச்சான், எவ்வளவு குட்டை. பட்டைவால்தான்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதன் முட்டி எங்கே என்று கேட்டேன். படத்தில் முட்டியே இல்லை. கால் குட்டை இல்லை, முட்டிக்கு மேல்வரை புதைந்திருக்கிறது. அதைத் தண்ணீர் மறைக்கிறது என்றார். அது தண்ணீர் இல்லை, சேற்றின் பளபளப்பு. அந்தக் கூட்டம் எழும்பிப் பறந்தபோது வெள்ளைப் பட்டையை நான் பார்த்தேன் என்றும் சொன்னேன். அதற்கு உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “வெல்டிங் பண்ண கண்ணு மச்சான். உங்களுக்கு எதைப் பார்த்தாலும் வெள்ளைக் கோடு தெரியும்.” அறை முழுக்கச் சிரித்தது. உன் மகளும் சிரித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்குக் கண்புரை இருப்பது உண்மை. கண்டுபிடித்ததே அவர்தான். இடது கண்ணில். நான் பார்த்தது வலது கண்ணால்.

நான் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவன் என்று மன்றத்தில் பேச்சு. மன்ற நாள்காட்டியில் உன் வீட்டுக்காரர் கரைக் கொக்கு என்று சின்னக் கொக்கின் படத்தைப் போட்டார், வெளியூர் விருந்தினர் முன்னால் எழுந்து சொன்னேன். அலகின் தடிமனைப் பார்க்கத் தெரியாதவர்கள் நாள்காட்டி போடக் கூடாது. நீ மன்னிப்புக் கேட்கச் சொல்வது இதற்குத்தான். அது முடிந்துபோன கதை. ஆனால் அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே பெரியவர் ஆரம்பித்துவிட்டார் என்கிறார்கள். தீப்பிடித்தது என்று சொன்னாலும் தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள் போல.

இனிமேல் எழுதுவது உன் மகளுக்குத் தெரியாது. கரைச்சுவர் தேநீர்க் கடையில் கிடக்குமே ஒரு பழுப்பு நாய், அவள் வாலு என்று கூப்பிடுவாளே, அது பத்து நாளாகக் காணோம். வேலை மாறிப் போன காவலாளியோடு போயிருக்கும் என்று உன் வீட்டுக்காரர் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். போகவில்லை. நான் சுவரில் உட்கார்ந்திருந்தேன். நாய் மூக்கன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு திட்டில் ஓடியது. பறவைகள் எழும்பின. நாய் நின்றது. நின்ற இடத்திலேயே குள்ளமாகிக்கொண்டே போனது. குரைக்கக்கூட இல்லை, என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் படியிறங்கிக் கால் வைத்தேன். இரண்டாவது எட்டில் என் கால் தொடைவரை உள்ளே போயிற்று. சுவரின் இரும்பு வளையத்தைப் பிடித்ததால் வெளியே வந்தேன். செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நான் நிமிர்ந்தபோது திட்டின் மேல் எதுவும் இல்லை. அதன் கால்தடம் பாதிவரை போயிருந்தது, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடமும் மூடிக்கொண்டது.

உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எந்தக் கண்ணால் பார்த்தீர்கள் மச்சான் என்றார். படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஏற்றத்தில் போய், திட்டின் நடுவில் துடுப்பை இறக்கச் சொன்னேன். துடுப்பு முழுவதும் சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. அவர் முகம் மாறிவிட்டது. “அண்ணே, இது தரை இல்ல. பால் மேல கட்டின ஆடை” என்றார். அதை மன்றத்தில் வந்தும் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தேன் என்று அனுப்பிவிட்டார்கள். துறைமுக அலுவலகத்துக்கும் போனேன். “பெரியவரே, கடலோரத்துல சேறு இல்லாம சிமெண்டா இருக்கும்?” என்று கேட்டு அங்கே ஒருவர் சிரித்தார்.

இப்போது மூக்கன்கள்கூடத் திட்டின் நடுவுக்குப் போவதில்லை, ஓரத்தில்தான் மேய்கின்றன. நடுப்பகுதி பெருக்கிவிட்ட கூடம் மாதிரி சுத்தமாக இருக்கிறது. சுவரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நடக்கத் தோன்றும்.

மன்றத்து வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். ‘பட்டைவால் மூக்கன் நிற்கும் இடம், கெட்டி மணல், குழந்தைகளும் வரலாம்.’ பறவையை முதலில் படம் எடுத்தவள் என்பதால் உன் மகள்தான் கொடி பிடித்து முன்னால் நடக்கப் போகிறாளாம். கொடி தைத்துத் தரச் சொல்லி என்னிடமே கொண்டு வந்தாள். தைத்துக் கொடுத்தேன்.

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் செய்ய வேண்டியது இது.

நீ: படித்த உடனே உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு. என் பேரை எடுக்காதே, எடுத்தால் காது கேட்காது. பறவையின் முட்டி எங்கே என்று மட்டும் கேள். பதில் வரும்வரை போனை வைக்காதே.

உன் வீட்டுக்காரர்: அறிவிப்பைக் கிழிக்க வேண்டும். பறவையைச் சுவரின் மேல் நின்றே பார்க்கலாம். பலகையில் பட்டைவால் என்றே இருக்கட்டும். நான் அதைத் துடைக்க மாட்டேன், அது பற்றி யாரிடமும் பேசவும் மாட்டேன். இதை நானே எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்.

உன் மகளுக்கு: வாலு எங்கே போயிற்று என்பதை நீ சொல்ல வேண்டும். அழுவாள், அழட்டும். தினமும் சுவரோரம் பிஸ்கட் வைத்துவிட்டு வருகிறாள்.

படகுக்காரர்: ஞாயிறு விடியும்போது நீளப் பலகையும் கயிறும் கொண்டு திட்டின் ஓரத்தில் காத்திருப்பார். சொல்லிவிட்டேன்.

நான்: கரைச்சுவர்ப் படியில் இருப்பேன். நான் சொல்லி யாரும் நிற்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இறங்குவதாக இருந்தால் உன் மகள் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நான் நடப்பேன். வேகமாக நடப்பேன். என் எடை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரும் அடுத்த எட்டு வைக்க மாட்டார்கள்.

உன் காலைக் கவனித்துக்கொள். இரவில் தலையணை வைத்து உயர்த்திப் படு. நீயும் உன் குடும்பமும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும். சனிக்கிழமையே கூப்பிட்டுவிடு, அம்மா.

உன் அண்ணன்