பந்து எறிய ஓர் ஒப்பந்தம்

செப்டம்பர் 7, ஞாயிறு

பானுமதி டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்த தலைப்பு: 1950களின் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள், அவர்கள் பிழைத்த விதம். கால்பந்து கிடைத்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பள்ளி நூலகத்தில் இதைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரும் எடுத்ததில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

முட்டாள்கள். வேறு சொல் கிடைக்கவில்லை. கோடையில் ஊரே கைதட்ட ஆடியவன், குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய் இன்ஷூரன்ஸ் விற்றிருக்கிறான். இன்னொருவன் துணிக்கடையில் கோட்டுக்கு அளவெடுத்தான்.

அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி: கிளப் விரும்பினால் ஒரு வருடம் புதுப்பிக்கலாம். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே வரி. ஆக, கிளப்பே விற்றாலோ விரட்டினாலோ தவிர ஆயுள் முழுக்க அங்கேதான். வாப்பாவிடம் சொன்னேன்.

"அங்கேயும் கஃபீல்தான்னு சொல்லு" என்றார். இங்கே வளைகுடாவில் விசா கொடுக்கும் முதலாளிதான் கஃபீல்; அவர் விட்டால்தான் வேறு வேலைக்குப் போகலாம்.

கடையில் நிற்கும் வாப்பாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஏன் புரியவில்லை?

செப்டம்பர் 21, ஞாயிறு

துபாயில் புதிதாக ஒரு பேஸ்பால் லீக் வருகிறதாம். வேகமாக எறியத் தெரிந்தால் சம்பளமாம். ஆரிப் மாமா தேர்வுக்குப் போகிறாராம்! உம்மாவின் தம்பி. துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கில் வேலை, எங்கள் வீட்டு ஹாலில் தூக்கம், டேப் சுற்றிய பந்தில் ஆடும் கிரிக்கெட்டில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. கூட வேலை செய்யும் புதுக்கோட்டை ரெங்கராஜும் போகிறாராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நானும் கூடப் போனேன். கட்டுரைக்கு உதவும் என்று.

மாமா தூரத்திலிருந்து ஓடிவந்து, முழங்கை மடங்காமல் கையைச் சுழற்றி, பந்தைத் தரையில் குத்தி எழுப்பினார். எதிரே மட்டையோடு நின்ற அமெரிக்கர் வாயைப் பிளந்தார்.

"ஆரிப் பாய், தரையில குத்தாதீங்க! கையை மடக்கி நேரா எறிங்க!" என்று ரெங்கராஜ் கத்தினார். அவர் மட்டும் என்ன? பந்தை அடித்துவிட்டு, அங்கேயே போட வேண்டிய மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடினார். போய்ச் சேர்ந்ததும் அதைத் தரையில் நீட்டித் தேய்த்தார், ரன் அவுட்டுக்குப் பயந்து.

அவமானமாக இருந்தது. இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் அந்த லீக் எந்த லட்சணத்தில் இருக்கும்?

அக்டோபர் 3, வெள்ளி

ஒப்பந்தம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எது வந்தாலும் மாமா என்னிடம்தான் கொண்டுவருவார். இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கிளப் விரும்பினால் ஒரு வருடம் புதுப்பிக்கலாம். அதே வரி!

"மாமா, இது ஆயுள் தண்டனை. போட்டா விடவே மாட்டாங்க."

"ஒரு வருசம்னுதானே புள்ள போட்டிருக்கு?"

"அப்படித்தான் போடுவாங்க. புத்தகத்துல எல்லாம் இருக்கு."

"அவ படிச்சுட்டுத்தானேடா சொல்றா" என்றார் உம்மா. "கிடங்கு வேலையையும் தொலைச்சுட்டு நிக்காதே."

மாமா அந்த வரியை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மருமவ சொன்னா சரி" என்று தாளை மடித்தார்.

ஒரு முட்டாளையாவது காப்பாற்றினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரெங்கராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டார். "படிச்சா பயம் வரும் பாய், அதான் படிக்கல" என்றாராம். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் எல்லா முதலாளிகளும் பிழைக்கிறார்கள்.

அக்டோபர் 22, புதன்

கட்டுரையைக் கொடுத்தாயிற்று. தலைப்பு 1950களோடு முடிவதால் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல் விட்டிருந்தேன். நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும் முன் புரட்டினேன்.

1975இல் இரண்டு வீரர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஓராண்டை ஓட்டிவிட்டு, தங்களை விடும்படி முறையிட்டிருக்கிறார்கள். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான் என்று தீர்ப்பு. அதன்பின் ஆட்டக்காரர்கள் வேண்டிய இடத்துக்குப் போனார்கள்.

ஒரு வருசம்னுதானே புள்ள போட்டிருக்கு—

மாமா சரியாகத்தான் படித்திருக்கிறார். நான்? எழுபது வருடப் பழைய கதையை அவர் தலையில் போட்டேனா?

சாயங்காலம் சொன்னேன். அவர் இடத்துக்கு வேறொருவரை எடுத்தாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். "அப்படியா" என்றார். "டூட்டிக்கு நேரமாச்சு."

நவம்பர் 4, செவ்வாய்

கட்டுரைக்கு முழு மதிப்பெண்.

நவம்பர் 16, ஞாயிறு

டிவியில் ரெங்கராஜ். தொப்பி காதை மறைக்கிறது. எறிந்ததில் பாதி வீண். மாமா, "தோளை இறக்குடா, தோளை இறக்கு" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மாமாவுக்குக் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. மருத்துவ இன்ஷூரன்ஸ் பற்றியதாம். நான் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, ரோலா கடைத்தெருவில், காசுக்குப் படிவம் படித்து நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னார்.

"புள்ள இங்கேதானே இருக்கா?" என்றார் உம்மா.

"அவளுக்குப் பரீட்சை இருக்கு லாத்தா."

பரீட்சை பிப்ரவரியில்.